கால் படாமல் தாண்டினாலும் அத்துமீறலா?

கேள்வி: கொலராடோவில் இருக்கிறேன். வயோமிங்கில் எல்க் மான் வேட்டைக்கு டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) கிடைத்திருக்கிறது. செயலியின் வரைபடத்தில் அரசு நிலமும் தனியார் நிலமும் மாறி மாறி வருகின்றன. எனக்குப் போக வேண்டிய அரசு நிலம் பக்கத்து அரசு நிலத்தை ஒரு மூலையில் மட்டும் தொடுகிறது. 2025 தீர்ப்புக்குப் பிறகு அந்த மூலையைத் தாண்டலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்:

வயோமிங்கில், நடந்து போய், மூலையின் இரு பக்கமும் மத்திய அரசு நிலமாக இருந்து, தனியார் மண்ணிலும் பொருளிலும் கை கால் படாமல் தாண்டினால், தாண்டலாம். இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. "கார்னர் கிராசிங் (மூலை தாண்டுதல்) இப்போது லீகல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் தீர்ப்பின் தலைப்பை மட்டும் படித்தவர்கள். ஒரு நிலத்தில் இருக்க உரிமை உண்டு என்பதும், அந்த நிலத்துக்குப் போய்ச் சேர உரிமை உண்டு என்பதும் அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள். இந்தச் சண்டை முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

சிக்கல் 1862-இல் தொடங்குகிறது. கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதையைப் போட அமெரிக்க அரசிடம் பணத்தைவிட நிலம் தாராளமாக இருந்தது. (அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை.) பசிபிக் ரயில்வே சட்டம், பாதையின் இரு பக்கமும் 10 மைல் தூரத்துக்கு ஒன்று விட்டு ஒன்றாக நிலத் துண்டுகளை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. 1864-இல் அதை 20 மைல் ஆக்கினார்கள். ஒரு துண்டுக்கு செக்ஷன் என்று பெயர்: ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். 36 செக்ஷன் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். எண்கள் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் உழும் மாடு திரும்புவதுபோல் வளைந்து வளைந்து தென்கிழக்கில் 36-இல் முடியும். ஒற்றைப்படை எண்கள் ரயில் கம்பெனிக்கு, இரட்டைப்படை எண்கள் அரசுக்கு. ரயில் வந்ததும் அரசு தன் பங்கை நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்பது கணக்கு. வயோமிங்கின் வறண்ட மேட்டு நிலத்தை வாங்க ஆள் வரவில்லை. அரசின் கட்டங்கள் அரசிடமே தங்கிவிட்டன. ரயில் கம்பெனியின் கட்டங்கள் கைமாறிக் கைமாறி மாட்டுப் பண்ணைகளாகவும், பிற்காலத்தில் கோடீஸ்வரர்களின் வேட்டைப் பண்ணைகளாகவும் ஆயின.

இப்படிச் சதுரங்கப் பலகையாக வெட்டிய நிலத்தில் அரசுக் கட்டம் அடுத்த அரசுக் கட்டத்தை மூலையில் மட்டுமே தொடும். மூலை என்பது ஒரு புள்ளி. அதற்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது. எவ்வளவு ஒல்லியான மனிதனாக இருந்தாலும் அதைத் தாண்டும்போது தோளும் பையும் இரு பக்கத்துத் தனியார் நிலத்தின் மேலே உள்ள காற்றில் ஒரு நொடி போயே தீரும். நிலத்தின் மேலுள்ள வெளியும் சொந்தக்காரருக்கே என்பது பழைய கோட்பாடு. 1946-இல் வட கரோலினாவில் ஒரு கோழிப் பண்ணைக்கு மேலே தாழப் பறந்த ராணுவ விமானங்கள் பற்றிய காஸ்பி வழக்கில், வானம் முழுவதும் சொந்தம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. ஆனால் தரையை ஒட்டிய வெளி சொந்தக்காரருக்கே என்பதை உறுதிப்படுத்தியது. வயோமிங் மாநிலச் சட்டமும் நிலத்தின் மேலுள்ள வெளியை நிலச் சொந்தக்காரருக்கே தருகிறது. அதனால்தான் "கால் வைக்கவில்லையே" என்ற பதில் மட்டும் பல ஆண்டுகளாகப் போதவில்லை.

இதில் எவ்வளவு நிலம் மாட்டிக்கொண்டிருக்கிறது? வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ஆன்எக்ஸ் வரைபடச் செயலியின் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, மேற்கு மாநிலங்களில் மூலை வழியாக மட்டுமே எட்டக்கூடிய பொது நிலம் சுமார் 83 லட்சம் ஏக்கர், மூலைகள் 27,120. வயோமிங்கில் மட்டும் சுமார் 24 லட்சம் ஏக்கர்.

வழக்கு நடந்த இடம் கார்பன் கவுண்டியில் உள்ள எல்க் மவுண்டன். அங்குள்ள பெரும் பண்ணை அயர்ன் பார் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் 2020-இல் பொதுச் சாலையிலிருந்து அரசு நிலத்தில் ஏறி, மூலையில் இருந்த சர்வே எல்லைக்குறியைக் கண்டுபிடித்தார்கள். அந்த மூலையில் பண்ணை இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு, நடுவில் சங்கிலி போட்டு, "உள்ளே வராதே" பலகை மாட்டியிருந்தது. ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி அந்தப் பக்கம் போனார்கள். 2021-இல் மடக்கு ஏணியோடு வந்தார்கள். ஒரு பக்கக் கால்கள் ஓர் அரசுக் கட்டத்தில், மறு பக்கக் கால்கள் எதிர் அரசுக் கட்டத்தில். கம்பத்தையும் சங்கிலியையும் தொடாமல் மேலே ஏறி இறங்கினார்கள். பண்ணையின் புகாரில் அவர்கள் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குப் பதிவானது. 2022 ஏப்ரலில் ராலின்ஸ் ஊரில் ஜூரி இரண்டு மணி நேரத்துக்குள் கூடிப் பேசி, குற்றமில்லை என்று சொல்லிவிட்டது.

அதற்கு முன்பே பண்ணை சிவில் வழக்கும் போட்டிருந்தது. மூலை தாண்டலாம் என்று ஆகிவிட்டால் பண்ணையின் மதிப்பு குறையும் என்று 77.5 லட்சம் டாலர் வரை இழப்பு சொன்னார்கள். அரசு நிலத்துக்கு வேறு யாரும் வர முடியாது என்பதற்காகவே அந்த விலையின் ஒரு பகுதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொந்தக்காரர் தரப்பே எண்ணாக எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று அது. என் பார்வையில் பண்ணை தன் வழக்குக்குத் தானே செய்துகொண்ட பெரிய கெடுதல் அந்தத் தொகைதான்.

2023 மே மாதம் வயோமிங் மத்திய மாவட்ட நீதிபதி ஸ்காட் ஸ்கவ்டால் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2025 மார்ச் 18 அன்று பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக அதை உறுதிசெய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டிமோதி டிம்கோவிச். பண்ணை உச்ச நீதிமன்றம் போனது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

தீர்ப்பு எதன் மேல் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது எங்கே வழுக்கும் என்று தெரியும். பலரும் நினைப்பதற்கு மாறாக, மூலை தாண்டுவது அத்துமீறலே இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வயோமிங் மாநிலச் சட்டப்படி பார்த்தால் அது சிவில் அத்துமீறல்தான் என்று ஒப்புக்கொண்டது. அதற்கு மேலே 1885-ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது, அது மாநிலச் சட்டத்தை இந்த இடத்தில் செயல்படவிடாது என்பதே தீர்ப்பு. பொது நிலத்தைச் சட்டவிரோதமாக அடைப்பதைத் தடுக்கும் சட்டம் அது. அந்தக் காலத்து மாட்டுப் பண்ணை முதலாளிகள் அரசு நிலத்தையும் சேர்த்து வேலி போட்டு வளைத்ததால் வந்தது. வேலியாலோ, மிரட்டலாலோ, வேறு சட்டவிரோத வழியாலோ பொது நிலத்தில் யாரும் நடமாடுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது.

இந்தச் சட்டத்தை நீதிமன்றங்கள் படித்த விதம் சுவையானது. கொலராடோவில் கேம்ஃபீல்ட் என்பவர் தன் ஒற்றைப்படைக் கட்டங்களுக்குள் மட்டுமே வேலி போட்டார். அரசு நிலத்தில் ஒரு கம்பம்கூட இல்லை. ஆனால் அந்த வேலிகள் சேர்ந்து சுமார் 20,000 ஏக்கர் அரசு நிலத்தை வளைத்துவிட்டன. வேலி யார் மண்ணில் நிற்கிறது என்பதல்ல, அது என்ன செய்கிறது என்பதே கேள்வி என்று 1897-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1914-இல் வயோமிங்கில் ஆட்டுக்காரர் ஒருவர் மந்தையைத் தனியார் கட்டங்கள் வழியாக ஓட்டிப்போன மேக்கே வழக்கில், தேவையான அளவுக்கு அப்படிப் போகலாம் என்று தீர்ப்பு வந்தது. 1988-இல் இதே வயோமிங்கின் ரெட் ரிம் பகுதியில் 28 மைல் வேலி போட்டு பிராங்ஹார்ன் மான்களைக் குளிர்கால மேய்ச்சலுக்குப் போகவிடாமல் தடுத்தவரை, வேலியைத் திறக்கச் சொன்னது பத்தாவது வட்டார நீதிமன்றம்.

எதிர்ப் பக்கம் இருந்த ஒரே பெரிய கல், 1979-இன் லியோ ஷீப் வழக்கு. செமினோ நீர்த்தேக்கத்துக்குப் போக அரசு தனியார் நிலத்தின் வழியாக மண் சாலை போட்டது. ரயில் கம்பெனிக்கு நிலம் கொடுக்கும்போதே வழி உரிமையைச் சொல்லாமல் கையில் வைத்துக்கொண்டோம் என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை: சாலை வேண்டுமானால் நிலத்தைக் கையகப்படுத்திப் பணம் கொடு என்றது. நம் ஊர்ச் சட்டத்தில், ஒரே நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது வேறு வழியே இல்லாத துண்டுக்குப் பாதை உரிமை தானாக வரும் என்று 1882 வழியுரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த எதிர்பார்ப்போடு அமெரிக்க வழக்கைப் படித்தால் குழப்பம் வரும். லியோ ஷீப்பில் கேட்டது தனியார் மண்ணின் மேல் நிரந்தரச் சாலை, எல்க் மவுண்டனில் கேட்டது மண்ணைத் தொடாமல் தாண்டுவது என்று பிரித்துக்காட்டித்தான் 2025 தீர்ப்பு அதைக் கடந்து போனது. ஆகவே நீங்கள் தனியார் மண்ணில் ஓர் அடி வைத்தாலும் உங்கள் வழக்கு எல்க் மவுண்டனிலிருந்து நழுவி லியோ ஷீப் பக்கம் போய்விடுகிறது.

இனி நிபந்தனைகள். பத்தாவது வட்டாரம் என்பது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்ஸிகோ, கான்சஸ், ஒக்லஹோமா. இந்த ஆறு மாநிலங்களில் மட்டும்தான் தீர்ப்புக்குக் கட்டாய பலம். மொண்டானா, ஐடஹோ, நெவாடா, அரிசோனா எல்லாம் ஒன்பதாவது வட்டாரம். மொண்டானா வனவிலங்குத் துறை தங்கள் மாநிலத்தில் மூலை தாண்டுவது இன்னும் சட்டவிரோதம்தான் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததை, தீர்ப்பை அது ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுப்புக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: மாநில நீதிமன்றங்கள் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. வயோமிங் கவுண்டி வழக்கறிஞர் ஒருவர் மாநில நீதிமன்றத்தில் குற்ற வழக்குப் போட்டால் இந்தத் தீர்ப்பு மிகப் பலமான வாதம். வழக்கே வராது என்ற உத்தரவாதம் இல்லை.

மாநில அரசு நிலத்துக்கு வருகிறேன். பள்ளிகளுக்காக ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16, 36 ஆகிய செக்ஷன்கள் மாநிலங்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவையும் இரட்டைப்படைதான், அதனால் சதுரங்கப் பலகைக்கு நடுவே இவை வந்து விழும். வழக்கமான வரைபட வண்ணத்தில் மஞ்சள் என்றால் நில மேலாண்மைப் பணியகம், அதாவது பி.எல்.எம்.; பச்சை என்றால் வனத்துறை; நீலம் என்றால் மாநில நிலம்; வெள்ளை என்றால் தனியார். மஞ்சளிலிருந்து மஞ்சளுக்குத் தாண்டுவது பற்றியதுதான் தீர்ப்பு. மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் தாண்டும் மூலையை அதே பலத்தோடு நம்பாதீர்கள். வயோமிங்கில் மாநில நிலத்தில் வேட்டையாடலாம், கூடாரம் போடவோ நெருப்பு மூட்டவோ கூடாது. உங்கள் கொலராடோவில் மாநில அறக்கட்டளை நிலம், வேட்டைக்கான திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்ததே அல்ல. பலர் அங்கேதான் சிக்குகிறார்கள்.

வயோமிங்கில் அனுமதியின்றித் தனியார் நிலத்தில் வேட்டையாடுவதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2023-இல் அதைத் திருத்தி, வேட்டைக்காகத் தனியார் நிலத்தின் வழியே போவதையும் திரும்புவதையும் குற்றமாக்கினார்கள். கூடவே, வழியே போவது என்றால் நிலத்தின் மேற்பரப்பை உடலால் தொட வேண்டும் அல்லது அதன் மேல் வண்டி ஓட்ட வேண்டும் என்று வரையறையும் வைத்தார்கள். மூலை தாண்டுபவருக்கு அந்த வரையறை பெரிய துணை. மண்ணைத் தொட்டவருக்கு அதே திருத்தம் புதிய கண்ணி. பொதுவான குற்றவியல் அத்துமீறலுக்கு வயோமிங்கில் ஆறு மாதம் வரை சிறை, 750 டாலர் வரை அபராதம். பச்சை அட்டையோ குடியுரிமையோ கேட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கைது மட்டுமல்ல, சம்மன் நோட்டீஸ் வந்ததா என்றும் அந்தப் படிவங்கள் கேட்கும். விடுதலை ஆனாலும் எழுத வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிக்காது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பதுதான் விதிவிலக்கு. உரிமம் காலாவதியான நாளில் துப்பாக்கி கையில் இருந்தால் அது அத்துமீறலைவிடப் பெரிய பிரச்சினை.

இப்போது மூலை. போவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது, தொடங்கும் அரசுக் கட்டத்துக்கே சட்டப்படி போக முடியுமா என்பது. வரைபடத்தில் கோடு இருப்பதால் அது பொதுச் சாலை ஆகிவிடாது. கவுண்டி அலுவலகத்தில் கவுண்டி சாலைகளின் பட்டியல் இருக்கும். அதில் சாலையின் பெயரோ எண்ணோ இருக்க வேண்டும். தனியார் நிலத்தின் நடுவே போகும் கவுண்டி சாலையில் உங்களுக்கு உரிமை சாலையின் அகலத்துக்குள் மட்டுமே.

அடுத்து எல்லைக்குறி. நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலப் பதிவேட்டுத் தளத்தில் பழைய சர்வே வரைபடங்களும் களக்குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் டவுன்ஷிப்பின் எண்ணையும், ரேஞ்ச் எனப்படும் கிழக்கு மேற்கு வரிசை எண்ணையும் கொடுத்தால், அந்த மூலையில் சர்வேயர் என்ன நட்டார் என்பது தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் கல்; அதன் விளிம்புகளில் வெட்டிய காடிகளின் எண்ணிக்கை டவுன்ஷிப் எல்லை எத்தனை மைல் என்பதைச் சொல்லும். பின்னால் மறுசர்வே நடந்த இடங்களில் இரும்புக் குழாயும் மேலே பித்தளைத் தொப்பியும் இருக்கும். தொப்பியில் எண்கள் அச்சடித்திருப்பார்கள். வடமேற்கில் 15, வடகிழக்கில் 14, தென்மேற்கில் 22, தென்கிழக்கில் 23 என்று இருந்தால் 14-உம் 22-உம் அரசுடையவை. அப்படியானால் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகத் தாண்ட வேண்டும். எதிர்க் குறுக்காகப் போனால் தனியாரிலிருந்து தனியாருக்குத் தாண்டுகிறீர்கள். நூற்றைம்பது ஆண்டுகளில் கட்டங்கள் விற்றும் மாற்றியும் இருப்பார்கள் என்பதால் ஒற்றை, இரட்டை விதியை மட்டும் நம்பாமல் இன்றைய உடைமையைக் கவுண்டி பதிவில் சரிபாருங்கள்.

களத்தில் நட்ட குறிதான் சட்டப்படி மூலை. கணக்குப்படி அது பத்தடி தள்ளி இருந்திருக்க வேண்டும் என்றாலும், அசல் சர்வேயர் எங்கே நட்டாரோ அதுதான். செயலியின் கோடு அப்படியல்ல. திறந்த வெளியில் சாதாரண கைப்பேசியின் ஜிபிஎஸ் சுமார் 4.9 மீட்டர் வட்டத்துக்குள்தான் இடம் காட்டும். அதற்கு மேல் வரைபடக் கோட்டிலேயே பிழை இருக்கலாம். அகலமே இல்லாத புள்ளியைத் தாண்ட ஐந்து மீட்டர் பிழையுள்ள கருவி போதாது. வேலியையும் எல்லையாக எடுக்காதீர்கள். மேடு பள்ளம் பார்த்து வசதியான இடத்தில் வேலி போடுவது அங்கே சகஜம். குறி கிடைக்கவில்லை என்றால் அந்த மூலையைத் தாண்டாமல் விடுவதே என் அறிவுரை. குறியை அசைப்பதும் சேதப்படுத்துவதும் தனி மத்தியக் குற்றம். அதன் மேல் கால் வைத்து ஏறாதீர்கள்.

தாண்டும்போது பையையும் துப்பாக்கியையும் தூக்கி எறிந்துவிட்டுத் தாண்டுகிறேன் என்று செய்பவர்கள் உண்டு. பை தனியார் பக்கம் உருண்டால் எடுக்கப் போவதே அத்துமீறல். துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், எல்லாவற்றையும் உடலோடு கட்டிக்கொண்டு ஒரே எட்டில் தாண்டுங்கள். கம்பமும் சங்கிலியும் இருந்தால் ஏணி. நான்கு கால்களும் இரண்டு அரசு மூலைகளுக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். காற்று பலமாக அடிக்கும் மேட்டு நிலத்தில் லேசான அலுமினிய ஏணி சாயும். சாய்ந்தால் நீங்கள் விழப்போவது தனியார் நிலத்தில். 2020-இல் செய்ததுபோல் கம்பத்தைப் பிடிக்காதீர்கள், அது பிறர் பொருள். சங்கிலியை அறுக்கவும் கூடாது. அடைப்பு என்று தோன்றினால் படம் எடுத்து நில மேலாண்மைப் பணியகத்திடம் கொடுங்கள். 1885 சட்டத்தில், அமெரிக்கக் குடிமகன் ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மத்திய அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர வேண்டும் என்ற பிரிவு இன்றும் இருக்கிறது.

தொப்பியின் எண்கள் தெரிய ஒரு படம், தாண்டுவதை நண்பர் எடுத்த ஒரு வீடியோ, இவை போதும். செயலியில் கண்டபடி புள்ளி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். எல்க் மவுண்டன் வழக்கில் ஒருவரின் ஆன்எக்ஸ் பதிவில் ஒரு புள்ளி தனியார் கட்டத்துக்குள் இருந்தது. அவர் அங்கே போனாரா, வரைபடத்தில் தொட்டு மட்டும் வைத்தாரா என்பது சர்ச்சையானது. மற்ற கோரிக்கைகளில் வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாக முடிவு சொன்ன மாவட்ட நீதிபதி அந்த ஒரு புள்ளியை மட்டும் முடிக்காமல் விட்டுவைத்தார். மான் தென்பட்ட இடம் தனியார் நிலமானால் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பண்ணை ஆள் வந்து விரட்டினால் வாக்குவாதம் வேண்டாம். குற்றவியல் அத்துமீறலில் எச்சரித்த பிறகும் இருந்தாரா என்பது முக்கியமான கேள்வி. நீங்கள் நிற்பது அரசு நிலம் என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு ஷெரிஃப் அலுவலகத்தையோ வனவிலங்கு வார்டனையோ அழையுங்கள். நியாயமாகச் சொன்னால் அங்குள்ள சிறிய பண்ணைக்காரர்கள் பலருக்கும் இந்தச் சதுரங்கப் பலகை நிலம் தலைவலிதான். திறந்து போட்ட கேட், மிதிபட்ட வேலி, வண்டித் தடம் எல்லாம் அவர்கள் தலையில் விழுகிறது. தனியார் நிலத்தில் வேட்டைக்காரர்களை அனுமதிக்கும் வயோமிங் வனவிலங்குத் துறையின் அக்சஸ் எஸ் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகள் பல இருக்கின்றன. உங்கள் வேட்டைப் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால் ஏணியைத் தூக்க வேண்டிய வேலையே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் வெளியூர்க்காரர்களுக்கு. வயோமிங்கில் மத்திய அரசு வனாந்தரப் பகுதி என்று அறிவித்த இடங்களில், வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டைக்கு வழிகாட்டி (கைடு) இல்லாமல் போகக் கூடாது. பொது நிலம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. அடுத்த ஆண்டு மொண்டானா போகலாம் என்று நினைத்தால், அங்கே மூலைகளை மறந்துவிடுங்கள். கம்பத்திலோ மரத்திலோ 50 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு வண்ணம் அடித்திருந்தாலே "உள்ளே வராதே" என்ற எழுத்துப் பலகைக்குச் சமம். டர்ஃபி ஹில்ஸ் என்ற இடத்தில் சுற்றிலும் தனியார் பண்ணை சூழ்ந்த அரசு நிலத்துக்கு வேட்டைக்காரர்கள் சிறு விமானத்தில் போய் இறங்கினார்கள். வானத்தில் பறந்து போனால் சரி, ஓர் எட்டில் தாண்டினால் தப்பு என்ற நிலை. அங்கே பழைய பாதைகள் மீதும் சண்டை உண்டு: அனுமதி கேட்காமல், வெளிப்படையாக, தொடர்ந்து ஐந்து ஆண்டு பயன்படுத்திய பாதையில் பொது உரிமை உண்டாகலாம். இந்தியச் சட்டத்தில் இதற்கு 20 ஆண்டு. அதனால் கிரேசி மலைத்தொடரில் பாதை முனையில் பண்ணைக்காரர் வைக்கும் கையெழுத்துப் புத்தகமே வழக்கின் பொருளானது. கையெழுத்துப் போட்டால் அனுமதியோடு போனதாகிவிடும், உரிமை வளராது.

கடைசியாக, சுட்ட மான். எல்க் அடிபட்டதும் நின்ற இடத்தில் விழாது. சதுரங்கப் பலகை நிலத்தில் ஒரு மைல் கட்டத்தின் ஓரத்தில் நின்று சுட்டால் அது பக்கத்துத் தனியார் கட்டத்தில் போய் விழ வாய்ப்பு அதிகம். பின்தொடர்வதற்கும் அனுமதி வேண்டும். சொந்தக்காரரை அழையுங்கள், கிடைக்கவில்லை என்றால் வார்டனை அழையுங்கள். வார்டன் பேசிப் பார்ப்பார், சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. இறைச்சியை வீணாக விடுவதும் அங்கே குற்றம் என்பதால் இரண்டு பக்கமும் இடி. எனவே சுடும் இடத்தைக் கட்டத்தின் நடுப்பகுதியில் தேர்ந்தெடுங்கள். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் வரும். வெட்டி, எலும்பு நீக்கினாலும் ஒரே நடையில் தூக்க முடியாது. அத்தனை நடையும் அதே மூலை வழியாக, ஒவ்வொரு முறையும் கை கால் படாமல், இருட்டிலும் முதுகில் சுமையோடும் தாண்ட வேண்டியிருக்கும். ஆள் எண்ணிக்கையை அதற்கேற்ப முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.